நாலு இஞ்ச் உயரத்தில் ஒரு தாய்மாமன்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் வெங்கடபதி. மற்றவர்கள் எல்லாரும் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள். அரசாங்கம்கூட இரண்டாவதுதான்.

வெங்கடபதி என் சித்தப்பா மகன். என்னைவிட இளையவன். கருமத்தம்பட்டிப் பக்கம் என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவனுடையது. என் தங்கை மாரியாத்தாளின் மகள் நந்திதாவுக்கு நான் தாய்மாமன். கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் முறை என்று பார்த்தால் வெங்கடபதியும் மாரியாத்தாளுக்கு அண்ணன்தான். நான் இல்லாத இடத்தில் அவன் நிற்கலாம். இதை அவன் சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் மறந்ததில்லை.

தை மாதம் நந்திதாவுக்கு நிச்சயம். எங்கள் ரோட்டின் கோடியில் இருக்கிற மண்டபம். ஜீப்பில் கழுத்துவரை சீர்த்தட்டுகள், முன்சீட்டில் நான், ஓட்டுவது என் மகன் மனோஜ்குமார். மண்டப வாசலில் ஒரு வேகத்தடை இருந்தது. எருமையைப் படுக்க வைத்து அதன்மேல் தார் ஊற்றியதுபோல் கட்டியிருந்தார்கள். ஜீப்பின் வயிறு அதன்மேல் ஏறி நின்றுவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

வாசலில் நின்ற வெங்கடபதி கைகூப்பிக்கொண்டே கேட்டான்.

"ஏனுங்ணா, வண்டி உக்காந்துக்கிச்சுங்களா?"

எங்கள் பக்கத்தில் அவமானத்தையும் 'ங்க' போட்டுத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதைத் தவிர வழியில்லை. நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே மனோஜிடம் சொன்னேன். "வைகாசியில கல்யாணம். தாய்மாமன் வண்டி எவன் தலைக்கும் மேல வந்து நிக்கோணும்."

அவிநாசி ரோட்டில் வண்டிகளை உயர்த்திக் கொடுப்பதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. கடை என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஸ்டூடியோ. தாடி வைத்த யஷ்வந்த் என்ற தம்பி குளிர்சாதன அறையில் எங்களை உட்காரவைத்து, கசப்பான காப்பி கொடுத்து, மருத்துவர் போல விசாரித்தார்.

"உங்க டெரெய்ன் என்னங்க சார்?"

நான் மனோஜைப் பார்த்தேன். "எந்த மாதிரி எடத்துல ஓட்டுவீங்கன்னு கேக்கறாருப்பா," என்றான்.

"மண்டப வாசல்," என்றேன்.

யஷ்வந்த் அதைக் கணினியில் பதிந்துகொண்டார். பிறகு விளக்கினார். "ரெண்டு இஞ்ச் லிஃப்ட் குடும்பஸ்தருங்களுக்குங்க சார். மூணு இஞ்ச் டாக்டருங்க, ரியல் எஸ்டேட்காரங்க விரும்பிப் போடறாங்க. நாலு இஞ்ச்ங்கறது ஒரு தீர்மானம். ஆறு இஞ்ச் போட்டவங்க யாரும் திரும்பக் கடைக்கு வந்ததில்லைங்க."

"அத்தனை திருப்தியா?"

"அப்படித்தானுங்க நாங்க எடுத்துக்கறோம்."

மனோஜ் ஒரு மாதமாக இணையத்தில் படித்துக் கரைத்துக் குடித்திருந்தான். ஸ்பிரிங்கின் கனம், ஷாக் அப்சார்பரின் நீளம், வளைவில் வண்டி எவ்வளவு சாயும் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தான். நான் குறுக்கே புகுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"எங்க சித்தப்பன் பையன் வெங்கடபதி வண்டிக்கு எத்தனை போட்டிருக்கானுங்க?"

"அவரு நம்ம கஸ்டமர்தானுங்க. மூணு."

"அப்ப நாலு போடுங்க."

சஸ்பென்ஷன் தேர்வு செய்வது கடினம் என்கிறார்கள். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வண்டி கொஞ்சம் தூக்கிப் போடுமுங்க," என்றார் யஷ்வந்த். "குழி ஒவ்வொண்ணும் முதுகுல தெரியும். அதுக்குப் பேரு ஃபீல். இந்த ஃபீலுக்காகத்தான் எல்லாரும் போடறாங்க."

வண்டி வீடு வந்து சேர்ந்தது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். என் முழங்காலுக்கு அத்தனை உயரம் ஒத்துவரவில்லை. ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், பின்னாலிருந்து தள்ள ஒரு ஆள், நான் ஏறியபின் ஸ்டூலை எடுத்து உள்ளே தர இன்னொரு ஆள் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். பாக்கு விஷயமாக மேட்டுப்பாளையம் போனபோது ஸ்டூலை மறந்துவிட்டோம். மண்டியில் இரண்டு சுமைதூக்குகிறவர்கள் வந்து என்னைச் சேர்த்துப் பிடித்தார்கள். மண்டிக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரியவரைச் சாய்க்காம அப்படியே எறக்குங்கப்பா," என்றார். இறக்கினார்கள். அங்கே எனக்கு ஃபீல் நன்றாகவே தெரிந்தது.

திரும்பி அன்னூர் வழியாக வரும்போதுதான் வாகனச் சோதனை. சோதனை செய்தவர் வாகனத்துக்கான அதிகாரி இல்லை. ஏற்றும் இறக்கும் சாதனங்கள் ஆய்வு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதாம். அதன் ஆய்வாளர் கிருபாசங்கர். அன்றைக்கு மின்தடை, எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் ஓடவில்லை. மாத இலக்கு பாக்கி இருந்ததால் ரோட்டுக்கு வந்து நின்றிருந்தார்.

"வண்டி ஏனுங்க இத்தனை ஒசரம்?"

"லிஃப்ட் போட்டிருக்குதுங்க சார்," என்றான் மனோஜ் பெருமையாக.

கிருபாசங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"லிஃப்டா? லைசென்ஸ் இருக்குதுங்களா?"

மனோஜ் எடுத்து நீட்டினான்.

"உங்களோடது இல்லைங்க. லிஃப்டோடது."

"சார், இது அந்த லிஃப்ட் இல்லைங்க. ஸ்பிரிங்கு. வண்டியை நாலு இஞ்ச் தூக்கிவிடும்."

"தூக்குதுங்கள்ல?"

"தூக்குதுங்க."

"உள்ள மனுசங்க இருக்கறாங்கள்ல?"

"இருக்கறாங்க."

"கதவு இருக்குது. பட்டனும் இருக்குது." கண்ணாடி ஏற்றுகிற பட்டனைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல இங்கிலீஷ் வார்த்தை எழுதக் கூடாதுங்க. லிஃப்ட்டுன்னா மின்தூக்கி."

"இதுல கரண்டே இல்லைங்க சார். டீசல்."

"டீசலில் இயங்கும் மின்தூக்கி," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எத்தனை தளம் போகுமுங்க?"

மகன் திணறுவதைப் பார்த்து நான் உதவிக்குப் போனேன். "ஊட்டி வரைக்கும் போகுமுங்க."

"ஊட்டி எத்தனாவது தளம்?"

"அதுக்கு மேல எதுவுமில்லைங்க."

"உச்சித் தளம்," என்று எழுதினார். "நடுவுல எங்கயாச்சும் நிக்குமா?"

"குன்னூர்ல டீ குடிப்போமுங்க."

அதையும் எழுதினார். பிறகு வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார். உரிமம் பெறாத மின்தூக்கி, மனிதர்களை ஏற்றத் தடை விதிக்கப்படுகிறது. வண்டியைச் சும்மா ஓட்டிப்போகத் தடையில்லை என்றார். ஓட்டுபவர் மனிதர் ஆயிற்றே என்று மனோஜ் கேட்டான். ஓட்டுபவர் இயக்குபவர், அவர் மின்தூக்கியின் ஒரு பாகம் என்று பதில் வந்தது. நான் பாகம் இல்லையாதலால் பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். நான் நாலாவது வரைதான் படித்தவன். படித்தவர்களிடம் பணிந்து பேசினால் காரியம் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

"சார், எனக்கு இந்த ஒசரமே வேண்டாமுங்க. நாலு இஞ்சையும் கழட்டிப்போடறேன். தாளைக் கிழிச்சுருங்க."

கிருபாசங்கர் வருத்தத்தோடு தலையாட்டினார். "பதிவான மின்தூக்கியைக் கழட்டினா அது இடிப்பு வேலைல வந்துருமுங்க. அண்டை நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லோணும்."

"அண்டை நிலம் வெங்கடபதியோடதுங்க."

"யாரு அது?"

"சித்தப்பன் பையன்."

"அப்பச் சுலபம். சொந்தக்காரரு."

"உங்களுக்குச் சொந்தக்காரங்களே இல்லைங்களா சார்?" என்று கேட்டேன்.

நான் கேட்பதற்கு முன்பே விஷயம் வெங்கடபதிக்குப் போய்விட்டது. சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றான். "ஏனுங்ணா, என்னமோ நான் ஒரு வார்த்தை சொல்லோணுமாமா. நீங்க கேளுங்க, இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாரேன். நீங்க கேட்டாப் போதுமுங்க."

கேட்டாப் போதும் என்கிற இடத்தில் கொஞ்சம் அழுத்தினான். நான் கேட்கவில்லை. தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் கொஞ்ச நேரம் அதே மரத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

கழற்ற முடியாது என்றால் உரிமம் வாங்குவது ஒன்றே வழி. விதிகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றினோம். வண்டிக்குள் அபாய மணி கட்டினோம். தீ விபத்தின்போது இந்த வண்டியைப் பயன்படுத்தாதீர், படிக்கட்டைப் பயன்படுத்தவும் என்று பலகை மாட்டினோம். மனோஜை இயக்குபவராக நியமித்தோம். அவன் என்ஜினியரிங் படித்தவன், அவனுக்குக் கிடைத்த முதல் நியமனம் அதுதான். என் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தடை செய்தார்கள். மின்தூக்கிக்குள் ஸ்டூல் போட்டு ஏறினால் மின்தூக்கிக்கு அவமரியாதை என்று காரணம் சொன்னார்கள்.

ஒரே ஒரு விதி மட்டும் தகராறு செய்தது.

"மின்தூக்கி நிக்கறப்ப அதோட தரையும் தளத்தோட தரையும் சமமா இருக்கோணுமுங்க," என்றார் கிருபாசங்கர், டேப் வைத்து அளந்தபடி. "இங்க எடைவெளி சாஸ்தி. ஆளு தடுக்கி விழுவாங்க."

"விழுந்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"அப்பத் தளத்தை ஒசத்தோணும்."

"தளம்னு எதைச் சொல்றீங்க?"

"வண்டி எது மேல நிக்குதோ அது."

"ரோடுங்களா?"

"ரோடுதானுங்க."

ரோடு போடுகிறவர்களுக்குக் கடிதம் போயிற்று. மார்ச் மாதம் முடிவதற்குள் செலவு செய்தாக வேண்டிய ஒதுக்கீடு ஒன்று அவர்களிடம் பாக்கி இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. என் வாசலிலிருந்து மண்டபம்வரை ரோடு உயர்ந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். "சார், ரோடு ஒசந்தா மேல நிக்கற வண்டியும் கூடவே ஒசந்துபோகுமுங்களே?"

கிருபாசங்கர் நெடுநேரம் யோசித்தார். "அது மறு ஆய்வுல தெரியவருமுங்க."

மறு ஆய்வில் தெரியவந்தது. இடைவெளி அப்படியே இருந்தது. பணி போதுமானதாக இல்லை என்று குறிப்பு எழுதினார். ரோடு மறுபடி உயர்ந்தது. மறுபடி ஆய்வு செய்தார், இடைவெளி அசையவில்லை. பணியில் மெத்தனம் என்று எழுதினார். இந்த முறை மெத்தனம் இல்லாமல் போட்டார்கள்.

ஊர்க்காரர்களுக்கு முதலில் சந்தோஷம். இரண்டு கட்சிக்காரர்கள் ரோட்டைத் தாங்கள் கொண்டுவந்ததாக எதிரெதிரே பேனர் வைத்தார்கள். பிறகு பேனரின் கால் தாருக்குள் போனது. காம்பவுண்டு சுவர்கள் ரோட்டோரம் உட்காருகிற திட்டாக மாறின. தையில் படி ஏறிப் போன வீடுகளுக்குச் சித்திரையில் படி இறங்கிப் போனோம். கோடை மழை ஒன்று பெய்தது. ரோட்டுத் தண்ணீர் முழுவதும் ஒழுங்காக வழிந்து வெங்கடபதி வீட்டு ஹாலுக்குள் போனது. அந்த ஒரு விஷயத்தில் பணியின் தரத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ரோடு உயர்ந்தால் நிலத்தின் விலையும் உயரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

வைகாசி வந்தது. உரிமம் வரவில்லை. மாரியாத்தாள் என் வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னாள். "அண்ணா, நீங்க நடந்து வந்தாலும் செரிங்ணா. மாங்கல்யம் ஏறறதுக்கு முந்தித் தாய்மாமன் தட்டோட நிக்கோணும்."

நடந்து போனால் வெங்கடபதி என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். கிருபாசங்கரைப் போய்ப் பார்த்தேன். மனம் இரங்கினார். கல்யாணத்தன்று ஒரு நாள் மட்டும் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். ஆய்வாளர் கூடவே பயணம் செய்வார் என்பது நிபந்தனை. என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று காலை பட்டு வேட்டி கட்டி, தலையில் உருமாலை கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் என்னைத் தூக்கி முன்சீட்டில் வைத்தார்கள். மடியில் தாய்மாமன் சீர்ப்பட்டு வைத்த தட்டு. பின்சீட்டில் கிருபாசங்கர். மனோஜ் இயக்கினான்.

மண்டப வாசலில் வண்டி நின்றது. அந்த வேகத்தடை தாருக்கு அடியில் எங்கேயோ அடக்கமாகிவிட்டது. மண்டபமே பள்ளத்தில் கிடந்தது. பந்தலின் கூரை என் சக்கரத்தின் மட்டத்துக்கு இருந்தது. கீழேயிருந்து மேளம் முழங்கியது. கூட்டம் முழுவதும் அண்ணாந்து என்னைப் பார்த்தது. வெங்கடபதியின் உச்சந்தலையில் முடி கொட்டியிருப்பதை அன்றுதான் பார்த்தேன். அவன் மூணு இஞ்ச் வண்டி பள்ளத்துக்குள் நின்றது, அதன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது ஒரு நல்ல நிமிடம்.

கதவின் கைப்பிடியில் கை வைத்தேன்.

"தொறக்காதீங்க," என்றார் கிருபாசங்கர். ஜன்னல் வழியாக டேப்பைக் கீழே விட்டு அளந்தார். முகம் மாறியது. "தளமட்டம் சேரலைங்க. மின்தூக்கி தளத்துக்கு வராம எடையில நின்னுபோச்சு. விதிப்படி நீங்க உள்ள சிக்கிக்கிட்டீங்க."

"நான் சிக்கலைங்க சார். கைப்பிடி என் கையில இருக்குது."

"சிக்கினவங்க முதல்ல அப்படித்தானுங்க சொல்லுவாங்க. பதட்டப்படாம இருங்க. பயிற்சி எடுத்த ஆளு வந்து மீட்பாங்க. நீங்களா தொறந்தா இயக்குபவர் மேல வழக்குப் பதிவாகிரும்."

இயக்குபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவனுக்கு அடுத்த மாதம் ஒரு வேலைக்கு நேர்காணல். நான் கைப்பிடியை விட்டேன்.

"எத்தனை நேரமாகுமுங்க?"

"சொல்லி அனுப்பறேன். இருங்க." அபாய மணியை அடித்தார். மேளக்காரர்கள் அதையும் சேர்த்துத் தாளத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

கீழே மாரியாத்தாள் ஓடிவந்தாள். "அண்ணா, எறங்கி வாங்கண்ணா, நேரமாச்சு."

"வாரேன் கண்ணு. சிக்கியிருக்கறேன்."

"எதுலண்ணா?"

"லிஃப்ட்டுல."

அவள் திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள். "இந்த மண்டபத்துல லிஃப்ட்டே இல்லையேண்ணா."

சடங்கு நடத்துகிற அருமைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கிருபாசங்கரும் பதறினார், நல்ல மனிதர்தான். "தட்டை ஜன்னல் வழியாக் கொடுத்துருங்க. மின்தூக்கியில சரக்கு எறக்கத் தடையில்லைங்க. மனுசனுக்குத்தான் தடை."

தட்டை ஜன்னல் வழியாக நீட்டினேன். மாரியாத்தாளுக்கு எட்டவில்லை. அருமைக்காரருக்கும் எட்டவில்லை. ஒருவன் மட்டும் தன் வண்டியின் முன்பக்கத்தில் ஏறி நின்று கையை நீட்டினான். மூணு இஞ்ச் போட்ட வண்டி. எட்டியது.

"நான் புடிச்சுக்கிட்டேனுங்ணா," என்றான் வெங்கடபதி. "நீங்க விடுங்க."

நான் விடவில்லை. அவனும் விடவில்லை. மாரியாத்தாள் இரண்டு பேரையும் பார்த்தாள். பந்தல் இடுக்கு வழியாகத் தெரிந்த மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த நந்திதா ஒரு தடவை நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். பள்ளத்திலிருந்து அவளுக்கு என் முகம் தெரிந்திருக்காது. நான் தட்டை விட்டேன்.

கெட்டிமேளம் கேட்டது. கேட்டது மட்டும்தான்.

மீட்பு ஆள் சாம்பார் தீர்ந்தபிறகு வந்தார். கைப்பிடியை இழுத்தார், கதவு திறந்தது. அதற்குத்தான் பயிற்சி எடுத்திருந்தார். கிருபாசங்கருக்கும் பந்தி கிடைக்கவில்லை. ஆனால் அவர் கடமையில் குறை வைக்கவில்லை. மறு வாரமே உரிமம் வந்துவிட்டது. ஆள் உள்ளே சிக்கியதால் இது மெய்யான மின்தூக்கிதான் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டதாம்.

இப்போது ஊரில் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏணி வைத்துத்தான் ஏறுகிறோம். யஷ்வந்த் புதிய கிளை திறந்திருக்கிறார். வீட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முழு வீட்டையும் தூக்கி வைக்கிறார்கள். ஓட்டு வீட்டுக்காரர்களுக்குச் சின்ன உயரம், மாடி வீட்டுக்காரர்களுக்குப் பெரிய உயரம் என்று அதற்கும் வகை இருக்கிறது. ரோட்டைத் திட்டிக்கொண்டே எல்லாரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள், முதல் பெயர் என்னுடையது. வீடுகள் உயர்ந்ததும் ரோடு தாழ்வாகத் தெரியும் என்பதால் ரோட்டுக்காரர்கள் இப்போதே ஒதுக்கீடு கேட்டு எழுதிவிட்டார்கள். கிருபாசங்கர் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, இந்த வீடு எத்தனை தளம் போகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கல்யாண ஆல்பம் வந்தது. மணமக்களுக்குப் பக்கத்தில் தட்டோடு வெங்கடபதி நிற்கிறான். அவன் தலைக்கு மேலே, வாசலுக்கும் மேலே, ஒரு டயர் மட்டும் தெரிகிறது. அது நான்.

போன வாரம் வேலியோரம் வந்தான். "மனசுல வெச்சுக்காதீங்ணா. அடுத்த விசேசத்துல நீங்களே தாய்மாமனா நில்லுங்க. நான் எட்டத்துலயே இருந்துக்கறேன்."

மாரியாத்தாளுக்கு ஒரே மகள். அது அவனுக்கும் தெரியும். எனக்கு அவன் ஒரு கல்யாணம் பாக்கி தரவேண்டும்.